எண் 9 கடிக்கிறது, 10 நழுவுகிறது: ஓட்டக் காலணி அளவு பற்றி உதவுங்கள்

ரேஸ்கோர்ஸ் காலை | திங்கள், காலை 7.40

வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். ரேஸ்கோர்ஸ் சுற்றில் ஓட ஆரம்பித்து பதினான்கு மாதம் ஆகிறது. டிசம்பரில் அரை மாரத்தான் ஓடுவதற்காக இப்போது வாரம் 35 கிலோமீட்டர் ஓடுகிறேன்.

கல்லூரி நாளிலிருந்து யு.கே. 9 தான் போடுகிறேன். முதலில் வாங்கிய ஓட்டக் காலணியும் 9. ஐந்து கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாது. எட்டைத் தாண்டினால் வலது காலின் மூன்றாவது, நான்காவது விரல்கள் மரத்துப்போகும். சுண்டுவிரலில் கொப்புளம். மருதமலை அடிவாரச் சாலையில் இறக்கத்தில் ஓடிய வாரம் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. கடையில் காட்டியபோது "ஒரு சைஸ் பெரிசு போடுங்க சார், எல்லாம் சரியாகிடும்" என்றார்கள். 9,000 ரூபாய் கொடுத்து அதே மாடலில் 10 வாங்கினேன். இப்போது குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலே எழுந்து இறங்குகிறது, பின்பக்கம் தோல் உரிகிறது. மரத்துப்போவது கொஞ்சம் குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை.

9.5 வாங்க வேண்டுமா, கம்பெனியை மாற்ற வேண்டுமா, அல்லது என் காலில்தான் கோளாறா? மூன்றாவது முறையும் பணத்தை வீணாக்கப் பயமாக இருக்கிறது.

மெதுவோட்டம் | திங்கள், காலை 8.15

எனக்கும் இதே பிரச்சினைதான். பதில்களைத் தொடர்கிறேன்.

அதிகாலை ஓட்டம் | திங்கள், காலை 9.02

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் காலில் கோளாறு இல்லை. அந்த ஷூவின் வடிவம் உங்கள் காலுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள எனக்கு நான்கு வருடம் பிடித்தது, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். அந்த 9 எண் ஷூவின் உள்ளே இருக்கும் இன்சோலை உருவி எடுத்துத் தரையில் போட்டு, குதிகாலைப் பின் விளிம்போடு ஒட்டி வைத்து, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நில்லுங்கள். குனிந்து பார்க்காமல் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், குனிந்தால் எடை மாறிவிடும். நீளமான விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது? பக்கவாட்டில் சதை இன்சோலுக்கு வெளியே வழிகிறதா? இந்த இரண்டையும் எழுதுங்கள். பிறகு பேசலாம்.

ரேஸ்கோர்ஸ் காலை | திங்கள், இரவு 9.30

செய்து பார்த்தேன் அக்கா. மனைவிதான் பார்த்துச் சொன்னார். எண் 9 இன்சோலில் வலது கட்டைவிரலுக்கு முன்னால் கிட்டத்தட்ட 10 மி.மீ. இடம் இருக்கிறது. ஆனால் சுண்டுவிரல் பக்கம் சதை நன்றாகவே வெளியே நிற்கிறது. எண் 10 இன்சோலில் முன்னால் கட்டைவிரல் அகலத்தை விட அதிகமாக இடம், பக்கவாட்டில் இன்னமும் கொஞ்சம் வெளியேதான்.

நீளம் 9 இலேயே போதுமானதாக இருந்ததா? அப்படியானால் நகம் ஏன் கறுத்தது?

லாஸ்டிங் பிரிவு | திங்கள், இரவு 11.05

தம்பி, நான் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஷூ தொழிற்சாலைகளில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். பெரும்பாலும் தோல் ஷூ, கடைசி ஆறு வருடம் விளையாட்டுக் காலணி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

லாஸ்ட் என்பது கால் வடிவத்தில் செய்த அச்சு. முன்பு மரத்தில் கடைவார்கள், இப்போது பிளாஸ்டிக். தோல் ஷூவில் அப்பரை, அதாவது காலை மூடும் மேல்பகுதியை, அந்த அச்சின் மேல் இழுத்துப் பிடித்து ஒட்டுவோம். ஓட்டக் காலணியில் பெரும்பாலும் அப்பரை ஒரு துணி அடியோடு சேர்த்துப் பை மாதிரி தைத்துவிட்டு லாஸ்ட்டை உள்ளே திணிப்பார்கள். எந்த வழியாக இருந்தாலும் கடைசியில் ஷூவுக்குள் இருக்கும் வெற்றிடம் அந்த அச்சின் வடிவம்தான். பெட்டியின் மேல் போட்டிருக்கும் 9 என்ற எண் நீளத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. அகலம், மேல்பாதத்தின் உயரம், விரல் பகுதி கூராக முடிகிறதா சதுரமாக முடிகிறதா, குதிகால் எவ்வளவு குறுகல் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது, எண்ணில் இல்லை.

ஒரு எண் கூட்டினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். யு.கே. அளவில் ஒரு எண் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.47 மி.மீ. அரை எண் 4 மி.மீ. சொச்சம். பழைய அமெரிக்கக் கணக்கில் ஒரு எண் கூடும்போது முன்பாதத்தின் சுற்றளவு கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. சொச்சம் கூடும். அதே கணக்கில் நீளத்தை அப்படியே வைத்து அகல எழுத்தை மட்டும் ஒரு படி கூட்டினாலும் அதே 6 மி.மீ. கிடைக்கும். ஆண்களுக்கான வழக்கமான அகலம் டி. அடுத்தது ஈ, அதற்கடுத்தது டூ-ஈ. டி-யிலிருந்து டூ-ஈ இரண்டு படி. கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

நீங்கள் 9 இலிருந்து 10 க்குப் போனபோது அகலத்தில் ஒரு படி வாங்குவதற்காக, தேவையே இல்லாத எட்டரை மி.மீ. நீளத்தையும் சேர்த்து வாங்கிவிட்டீர்கள். குதிகால் கிண்ணமும் கூடவே பெரிதாகிவிட்டது. அதனால்தான் நழுவுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. ஷூ மடங்க வேண்டிய இடம் உங்கள் கால் மடங்கும் இடத்தை விட்டு முன்னால் தள்ளிப்போகும்.

நகம் கறுத்ததற்கு இறக்கம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 10 மி.மீ. என்பது நிற்கும்போது போதுமான இடம். ஆனால் அகலம் பத்தாத ஷூவில் லேஸைத் தளர்த்திக் கட்டும் பழக்கம் தானாக வந்துவிடும். தளர்த்தினால் இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கும், நகம் முட்டும். நீங்கள் தளர்த்தித்தான் கட்டியிருந்தீர்களா?

"போகப் போக லூஸாகிடும்" என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். தோல் ஷூவுக்கு அது உண்மை, தோல் காலுக்கு ஏற்ப விட்டுக்கொடுக்கும். ஓட்டக் காலணியில் இருக்கும் செயற்கை வலைத்துணி அப்படி விடாது. அதன் மேல் உருக்கி ஒட்டிய பட்டைகள் இருந்தால் சுத்தமாக விடாது. கடையில் கடிப்பது வீட்டிலும் கடிக்கும்.

ரேஸ்கோர்ஸ் காலை | செவ்வாய், காலை 6.50

ஆமாம் அண்ணா, தளர்த்தித்தான் கட்டியிருந்தேன். இறுக்கினால் மேல்பாதம் வலிக்கும் என்பதால். யாரும் இப்படி விளக்கிச் சொன்னதே இல்லை. மிக்க நன்றி.

ஈரப்பாதம் | செவ்வாய், காலை 10.20

அளவை விட முக்கியமானதை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். காலை நனைத்துத் தரையில் பதித்துப் பாருங்கள். முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம், அதற்கு உட்பக்கம் தாங்கல் வைத்த ஷூ வேண்டும். வளைவு அதிகமாக இருந்தால் மெத்தென்ற ஷூ வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் காயம் நிச்சயம். நான் பன்னிரண்டு வருடமாக ஓடுகிறேன், எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

அதிகாலை ஓட்டம் | செவ்வாய், மதியம் 1.45

நண்பரே, நானும் பல வருடம் இதையே நம்பினேன். ஆனால் அமெரிக்க இராணுவத்திலும் விமானப்படையிலும் மரைன் படையிலும் பயிற்சிக்கு வந்தவர்களை வைத்து இதைச் சோதித்துவிட்டார்கள். ஒரு பிரிவுக்குப் பாத வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வடிவத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வகை. காயத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. முடிவுகள் 2009, 2010 வாக்கில் வெளியாயின. பிறகு 2015 இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக்கும் அவரது குழுவினரும் எழுதிய கட்டுரையில், ஓடுபவர் தனக்கு எது சௌகரியமாக இருக்கிறது என்று உணர்ந்து தேர்ந்தெடுப்பதே நல்ல வடிகட்டி என்ற கருத்தை முன்வைத்தார்கள்.

தட்டைப் பாதத்தால் வலி இருந்து, மருத்துவரோ பிசியோவோ தாங்கல் வேண்டும் என்று சொல்லியிருந்தால் அது வேறு. வலி எதுவும் இல்லாதவரிடம் ஈரத்தடத்தை மட்டும் பார்த்து ஷூவைச் சொல்வது சரியில்லை. இங்கே கேட்டவரின் கால் விரல்கள் மரத்துப்போகின்றன. அவருக்கு இப்போது வேண்டியது இடம்.

ஈரப்பாதம் | செவ்வாய், மாலை 4.10

அந்த இராணுவச் சோதனை பற்றி எனக்குத் தெரியாது. படித்துப் பார்க்கிறேன். எனக்குத் தாங்கல் ஷூதான் ஒத்துப்போகிறது என்பது மட்டும் அனுபவம்.

அதிகாலை ஓட்டம் | செவ்வாய், மாலை 4.25

ஒத்துப்போகிறது என்றால் மாற்ற வேண்டாம் நண்பரே. உங்கள் கால் தேர்ந்தெடுத்திருக்கிறது, அதுவும் அதே வடிகட்டிதான்.

புதுக்கால் | செவ்வாய், இரவு 8.00

ஒரு சந்தேகம். 10 எண் ஷூவை வீணாக்காமல் தடிமனான இன்சோல் ஒன்று உள்ளே போட்டு இடத்தை நிரப்பினால் என்ன?

லாஸ்டிங் பிரிவு | செவ்வாய், இரவு 10.30

அதில் இரண்டு சிக்கல். இன்சோல் கீழிருந்து காலைத் தூக்கும், அதனால் மேல்பாதத்துக்கு இருக்கும் உயரம் குறையும். இவருக்கு ஏற்கெனவே மேல்பாதம் வலிக்கிறது. குதிகாலும் கிண்ணத்தை விட்டு மேலே வரும், நழுவல் கூடத்தான் செய்யும்.

ஷூவோடு சேராத இன்சோல் நகரவும் செய்யும். 2015 பெர்லின் மாரத்தானில் எலியுட் கிப்சோகேவுக்கு இரண்டு ஷூவின் இன்சோலும் வெளியே வந்து இறக்கை மாதிரி ஆடியது. அப்படியே ஓடி 2 மணி 4 நிமிடத்தில் ஜெயித்தார், கால் கொப்புளமும் இரத்தமுமாகிவிட்டது. அவ்வளவு பெரிய ஓட்டக்காரருக்கே அந்த நிலை. நாம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ரேஸ்கோர்ஸ் காலை | புதன், காலை 7.15

அண்ணா, அக்கா, அப்படியானால் நான் எப்படி அளந்து, எதைக் கேட்டு வாங்க வேண்டும்? கடையில் டூ-ஈ என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

அதிகாலை ஓட்டம் | புதன், காலை 9.40

அளப்பது மாலையில், அல்லது ஓடி முடித்த பிறகு. நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க நின்று நடந்த கால், காலையில் இருந்ததை விட வீங்கியிருக்கும். நீண்ட ஓட்டத்தில் இன்னும் வீங்கும். ஓடும்போது போடும் அதே காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத்தாளைச் சுவரோடு ஒட்டி வைத்து, குதிகால் சுவரைத் தொட நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையச் சொல்லுங்கள். பென்சில் சாய்ந்தால் அளவு பொய்யாகிவிடும். இரண்டு காலையும் வரையுங்கள். நிறையப் பேருக்கு ஒரு கால் பெரிதாக இருக்கும், அந்தக் காலுக்குத்தான் வாங்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலை விட இரண்டாவது விரல் நீளம், அப்போது அதிலிருந்து அளக்க வேண்டும்.

அப்புறம் கடையில் யு.கே. எண்ணைப் பார்க்காதீர்கள். ஷூ நாக்கின் (லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை) உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் செ.மீ. போட்டிருக்கும், அதைப் பாருங்கள். நைக்கியிலும் ஆசிக்ஸிலும் ஆண்கள் யு.கே. 9 என்பது 28 செ.மீ. அடிடாஸிலும் நியூ பேலன்ஸிலும் அதே யு.கே. 9 என்பது 27.5 செ.மீ. "எனக்கு எப்போதும் 9 தான்" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு அர்த்தமே இல்லை. இது தெரியாமல் இணையத்தில் தள்ளுபடி பார்த்து வாங்கி நான் இரண்டு ஜோடியை உறவினர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பெண்களுக்காகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதைப் படிப்பவர்களில் யாருக்காவது உதவும். பெண்கள் ஷூவின் வழக்கமான அகலம் பி. ஆண்கள் ஷூவில் வழக்கமாக இருக்கும் டி, பெண்கள் ஷூவில் அகல ரகமாகக் கருதப்படுகிறது. கடைகளில் பெண்களுக்கு அகல ரகம் கிடைப்பது அபூர்வம், அதனால் அகலமான கால் உள்ள பெண்கள் ஆண்கள் ஷூ வாங்குவதில் தவறே இல்லை. நான் மூன்று வருடமாக அப்படித்தான் ஓடுகிறேன். குதிகால் மட்டும் கொஞ்சம் விசாலமாக இருக்கும், அதை லேஸில் சரிசெய்யலாம். பிரசவத்துக்குப் பிறகு காலளவு கூடி அப்படியே நின்றுவிடுவது உண்டு. எனக்கு அரை எண் கூடியது. "பழைய ஷூ ஏன் கடிக்கிறது, உடம்பு போட்டுவிட்டேனோ" என்று நான் ஒரு வருடம் வருந்திக்கொண்டிருந்தேன். யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

மெதுவோட்டம் | புதன், காலை 10.05

அக்கா, கடைசிப் பத்தியை என் தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன். நன்றி.

லாஸ்டிங் பிரிவு | புதன், இரவு 9.50

லேஸ் விஷயத்தை நான் சொல்கிறேன். கணுக்கால் பக்கம் ஷூவின் மேலே கடைசியாக ஒரு ஓட்டை காலியாகக் கிடக்கும், பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. லேஸின் நுனியைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்தில் இருக்கும் அந்தக் கடைசி ஓட்டைக்குள் விடுங்கள். இரண்டு பக்கமும் சின்ன வளையம் ஒன்று நிற்கும். இப்போது இடது நுனியை வலது வளையத்திலும், வலது நுனியை இடது வளையத்திலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். விரல் பக்கத்து லேஸை இறுக்காமலேயே கால் சறுக்குவது நிற்கும். மேல்பாதத்தில் ஒரே இடத்தில் வலித்தால் அந்த இடத்தின் மேல் மட்டும் லேஸைக் குறுக்கே விடாமல் பக்கவாட்டிலேயே நேராக மேலே ஏற்றிவிட்டு, அதற்கு மேலிருந்து குறுக்கே கட்டுங்கள்.

நம் கால் அகலம் என்பது வெறும் பேச்சும் இல்லை. அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியர்களின் கால் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களை விட அகலம் என்பது அதில் தெரிந்தது. அந்த நாடுகளின் அளவில் செய்த குறுகலான ஷூவில் காலை நுழைக்க, தேவைக்கு மேல் நீளமான எண்ணை நம் மக்கள் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. தம்பி, நீங்கள் செய்ததும் அதையேதான். இந்த அளவீட்டின் அடிப்படையில் 'பாரத்' என்ற பெயரின் முதலெழுத்தை வைத்து இந்தியாவுக்கென்றே ஓர் அளவு முறையை வகுத்தார்கள். ஷூ செய்யும் ஊரிலிருந்து வந்தவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய சந்தோஷம். வெளிநாட்டு லாஸ்ட்டில் வெளிநாட்டுக் காலுக்கு ஆயிரக்கணக்கில் ஷூ ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போகும்போது நாங்கள் ரப்பர் செருப்பில் போவோம். அந்தச் செருப்பில் விரல் விரிந்து வளர்ந்த கால்கள்தான் இவை.

வைகைக்கரை | வியாழன், காலை 6.30

மதுரையிலிருந்து எழுதுகிறேன். வயது 58. சர்க்கரை வந்து பதினாறு வருடம். மெதுவாகத்தான் ஓடுவேன், வாரம் மூன்று நாள்.

சௌகரியத்தை உணர்ந்து தேர்ந்தெடுங்கள் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். சரியான பேச்சு. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது என்பதைச் சொல்லத்தான் கணக்குத் தொடங்கி எழுதுகிறேன். நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துபோகும். போன வருடம் புது ஷூவில் ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து காலுறையைக் கழற்றினால் சுண்டுவிரல் பக்கம் இரத்தம். எனக்கு ஒரு வலியும் தெரியவில்லை. புண் ஆற ஏழு வாரம் ஆனது. மருத்துவர் நைலான் இழையால் பாதத்தை ஆங்காங்கே தொட்டுக் காட்டினார், நான்கு இடத்தில் எனக்குத் தெரியவே இல்லை.

அதனால் சர்க்கரை உள்ளவர்கள் கால் சொல்வதை நம்பாமல் அளவை நம்புங்கள். தாளில் வரைந்த படத்தை வெட்டி ஷூவின் இன்சோல் மேல் வைத்துப் பாருங்கள், படம் வெளியே நின்றால் வாங்காதீர்கள். புது ஷூவை முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றி, பாதம் எங்கே சிவந்திருக்கிறது என்று வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள், சின்னக் கல் இருந்தாலும் நமக்குத் தெரியாது. பாதத்தில் ஏற்கெனவே புண்ணோ உணர்ச்சிக் குறைவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஓட வேண்டாம், எம்.சி.ஆர். செருப்போடு (சர்க்கரை உள்ளவர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) நடப்பதா ஓடுவதா என்பதை அவர் சொல்லட்டும்.

அதிகாலை ஓட்டம் | வியாழன், காலை 8.10

ஐயா, நான் இதை யோசிக்கவே இல்லை. என் பதிலில் இதைச் சேர்த்திருக்க வேண்டும். எழுதியதற்கு மிகவும் நன்றி. உங்கள் கால் இப்போது நன்றாக இருக்கிறதா?

வைகைக்கரை | வியாழன், காலை 8.40

நன்றாக இருக்கிறதம்மா. தினமும் இரவில் மகள் பார்த்துவிடுகிறாள்.

ஈரப்பாதம் | வியாழன், இரவு 7.20

அளவு பொருந்தாத ஷூ என்றதும் அபேபே பிகிலா ஞாபகம் வந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் கொடுத்த ஷூ எதுவும் காலுக்குச் சரியாக வரவில்லை என்று வெறுங்காலில் ஓடி 2 மணி 15 நிமிடத்தில் உலகச் சாதனையோடு தங்கம் வாங்கியவர். வெறுங்காலில் பயிற்சி செய்தவர் என்பதால் அவரால் முடிந்தது. நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் ஜெயித்தார். போட்டிக்கு முதல் நாள் புது ஷூ வாங்கும் தம்பிகளிடம் இதைத்தான் சொல்வேன்: கடிக்கும் ஷூவோடு வரிசையில் நிற்பதை விடப் பழகிய பழைய ஷூவே மேல்.

ரேஸ்கோர்ஸ் காலை | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.15

எல்லோருக்கும் வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அளந்ததில் வலது கால் 269, இடது 265 மி.மீ. வலது முன்பாதத்தின் அகலம் 108. மூன்று கடை ஏறி இறங்கினேன், டூ-ஈ எங்கும் இல்லை. கடைசியில் திருப்பித் தரும் வசதி உள்ள இணையக் கடை ஒன்றில் 28 செ.மீ. டூ-ஈ ஒன்றும், விரல் பகுதி சதுரமாக அமைந்த வேறு ஒன்றும் வரவழைத்தேன். சாயங்காலம், ஓடும் காலுறையோடு, வீட்டு மொசைக் தரையில் மட்டும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு நடந்தேன். இரண்டாவதில் விரல்களுக்கு அருமையான இடம், ஆனால் அதில் குதியும் முன்பாதமும் ஒரே உயரம் என்பதால் பின்னங்கால் சதை இழுத்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். டூ-ஈ நின்றது.

இதுவரை 130 கிலோமீட்டர் ஓடிவிட்டேன். இன்று 16. விரல் மரத்துப்போகவில்லை. கடைசி ஓட்டையில் வளையம் போட்டுக் கட்டுகிறேன் அண்ணா, குதிகால் அசையவில்லை. நேற்றுத்தான் பழைய நகம் விழுந்தது, கீழே புது நகம் பாதி வளர்ந்திருக்கிறது. பதினோராவது கிலோமீட்டரில் விரல்களை ஷூவுக்குள் விரித்துப் பார்த்தேன், விரிந்தன. அந்த நிமிடத்தில் உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்த 10 எண் ஷூ கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கிறது. அப்பா 9 போடுபவர், காலை நடைக்குக் கொடுத்துவிடலாமா?

லாஸ்டிங் பிரிவு | ஞாயிறு, மதியம் 12.30

ரொம்ப சந்தோஷம் தம்பி. அப்பாவுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவர் காலையும் தாளில் வரைந்துவிடுங்கள்.

ரேஸ்கோர்ஸ் காலை | ஞாயிறு, இரவு 8.45

வரைந்தேன். இடது 254, வலது 252. அகலம் 106. செ.மீ. கணக்கில் பார்த்தால் 7 எண்ணே போதும் போலிருக்கிறது. விவரம் தெரிந்த நாளிலிருந்து 9 வாங்கி, முன்னால் பஞ்சு வைத்து, லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டு நடக்கிறார். ஏன்பா என்று கேட்டேன். சின்ன எண் போட்டால் சுண்டுவிரல் கடிக்கும் என்றார்.

நாளை சாயங்காலம் அவருக்கு 26 செ.மீ. அகல ரகம் தேடப் போகிறேன். மதுரை ஐயா சொன்னபடி அவருடைய சர்க்கரையையும் இந்த வாரம் பார்த்துவிடுகிறோம்.